காட்டுமாட்டுப் பங்கு

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் எங்கள் ஊரில் கூட்டுக்கறி உண்டு. எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிடாயைப் பிடித்து, உருளைக்கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால் உரித்து, எட்டுக் கூறாகப் பிரித்து எடுத்துக்கொள்வோம். பழனி மலையில் பூண்டும் கிழங்கும் விளைகிற இந்த உயரத்தில் கறிக்கடை வைத்து எவனும் பிழைக்க முடியாது. டவுனுக்குப் போகிற பஸ்ஸும் மேகம் இறங்கிவிட்டால் வராது. அதனால் அன்றைக்குக் கூறு தவறினால் அந்த வீட்டில் தீபாவளிக்குக் கறி இல்லை, அவ்வளவுதான்.

கூறு எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். நிற்பவர் ஒரு பேரைச் சொல்வார். எந்தக் கூறு என்று அவருக்குத் தெரியாது, அதனால் சண்டையும் கிடையாது. சொன்னது சொன்னதுதான். அப்புறம் மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த வருஷம் கிடாய் சின்னது. ஈரலை எட்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாக்கு அளவுதான் வரும் போலிருந்தது. "ஈரல் மொத்தத்தையும் ஒரே கூறுல வச்சிர்றேன். யாருக்குக் கொடுப்பினையோ எடுத்துக்கட்டும்" என்றார் மொக்கச்சாமி. கறி வெட்டுவதும் கூறு போடுவதும் அவர்தான். எல்லாரும் சரி என்றோம். அந்த நேரத்தில்தான் குழந்தைவேலு மாமா தலையில் ஓர் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் எல்லாம் தூக்குவாளி கொண்டுபோயிருந்தோம். அந்த அண்டாவில் கிடாயை உயிரோடு நிற்கவைத்துக் குளிப்பாட்டலாம். மாமாவுக்கு வயது அறுபதுக்கு மேல். பேருதான் குழந்தை. ஊரில் அவரைத் தோட்டா என்று சொல்வோம். அவர் துப்பாக்கி பிடித்து யாரும் பார்த்ததில்லை, வாய் வெடிக்கிற வெடியை வைத்து வந்த பேர் அது.

"ஒரு கூறுக்கு எதுக்குண்ணே அண்டா?" என்றார் மொக்கச்சாமி.

"ஈரல் மொத்தமும் என் வீட்டுக்குத்தானய்யா. மகளுக்குத் தலை தீபாவளி. மருமகன் நேத்தே வந்துட்டாரு. அவருகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். 'மாப்ளே, இந்த ஊர்ல கிடாய் விழுந்தா ஈரல் தன்னால நடந்து நம்ம வீட்டுக்கு வந்துரும், அது ஒரு மரியாதை'ன்னு சொல்லிவச்சிருக்கேன். உங்க மதினி மொளகு அரைச்சு வச்சிட்டு அடுப்புகிட்ட உக்காந்திருக்கா."

எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. முதல் தீபாவளிக்கு வந்த மருமகனிடம் ஈரலை முன்கூட்டியே பரிமாறிவிட்டு, வெறுங்கையோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? மயிலாத்தாளுக்கு அப்படிப்பட்ட இரக்கம் எல்லாம் கிடையாது. தனி ஆளாக மூன்று காடு கிழங்கு போட்டு எடுக்கிறவள். பேச்சிலும் களை எடுக்கிற கைதான்.

"அப்ப அது நடந்து வரட்டும். நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

மாமா அதைக் காதில் வாங்காமல் அண்டாவை இறக்கி வைத்தார். "இந்த வருசம் கூறு சொல்ல நான் நிக்கிறேன்."

"வருசா வருசம் போஸ்ட்மேன்தான் நிப்பாரு."

"அவரு சொல்றது ஒரு கூறா? நான் காட்டுமாட்டுக்கே கூறு சொன்னவன் தங்கச்சி. அதுவும் உசுரோட நின்ன காட்டுமாடு."

மொக்கச்சாமி கத்தியை ஒருமுறை தீட்டிக்கொண்டார். "வெட்டி முடிக்க இன்னும் நேரமிருக்கு. சொல்லித் தொலைங்க" என்றார். நாங்கள் காலிச் சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். மாமா அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"கீழ்நாட்டுல ஒரு ஜமீன்தாரு. அவரு சுடாத மிருகம் இல்ல. சுட்ட தோலை வைக்க வீட்டுல எடமில்லாம பக்கத்துத் தெருவையே வெலைக்கு வாங்குனவரு. அவருக்கு ஒரே ஒரு கொறை. நம்ம கூனிமலை உச்சியில ஒத்தையா ஒரு காட்டுமாடு திரிஞ்சுச்சு. அது எந்திரிச்சு நின்னா அதோட நெழலு விழுந்து நம்ம ஊர்ப் பூண்டெல்லாம் வெயிலில்லாம அழுகிப்போகும். அது படுத்தாத்தான் நமக்கு வெடியும். அதைச் சுடணும்னு ஜமீன்தாருக்கு ஆசை. நேரா என் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பக் கழட்டி வச்சிட்டு, 'குழந்தைவேலு, திட்டம் நீ போடணும், இல்லாட்டி நான் மலையேற மாட்டேன்'னுட்டாரு."

"வேட்டைக்குத் தடை வந்து எம்புட்டுக் காலமாச்சு" என்றேன் நான்.

"இது தடைக்கு முந்தி மாப்ள."

"அப்ப நீங்க டவுசர் போட்ட வயசால்ல இருப்பீங்க."

"டவுசர்தான். டவுசருக்குள்ள மூளை இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"அது எங்க இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் மயிலாத்தா.

மாமா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவருக்குக் கதை ஓடத் தொடங்கிவிட்டால் நாங்கள் எல்லாம் ரோட்டோரத்துப் புளியமரம்தான்.

"நீங்கள்லாம் வேட்டைன்னா துப்பாக்கியத் தூக்கிட்டுப் போறதுன்னு நெனைக்கிறீங்க. அது கொசு அடிக்கிற வேலை. வேட்டைக்குத் திட்டம் வேணும். மொதல்ல கோயில் பாறையில கரித்துண்டால கூனிமலையப் படமா வரைஞ்சேன். ஒரு மரம் விடல, ஒரு கல்லு விடல. கெழக்குச் சரிவுல ஒரு ஓடை வரைஞ்சேன். மறுநாள் வெள்ளன போய்ப் பாத்தா படத்து ஓடையில தண்ணி ஓடுது. ரெண்டு எருமை வேற வந்து குடிச்சிட்டு நிக்கிது. மிருகத்தைக் கலைக்கிறதுக்குன்னு வந்த ஆளுகள்ல ஒருத்தன் படத்தை ஊன்றிப் பாத்துட்டே நின்னான். பாத்துக்கிட்டே இருந்தவன் வழி தவறிட்டான். சாயங்காலமா படத்தோட மேக்கு மூலையில இருந்து அவன் கூப்பாடு கேக்குது. தீப்பந்தம் காட்டித்தான் வெளிய கொண்டாந்தோம்."

"அந்தப் பாறையில கட்சிச் சின்னம்தான மாமா இருக்கு?"

"அதுக்கு அடியில இருக்கு. சுரண்டிப் பாரு, ஓடை ஒன் மூஞ்சியில அடிக்கும்."

கிடாயின் பின்னந்தொடையைப் பிரித்துக்கொண்டிருந்த மொக்கச்சாமி, "மேல சொல்லுங்க" என்றார். அவருக்குக் கதையில் விருப்பமா, கத்திக்குத் தாளம் கிடைத்ததா, தெரியவில்லை.

"அடுத்தது சாப்பாடு. அந்த ஒசரத்துல அரிசி வேகாது. வேகாத சோத்தைத் தின்னுட்டு ஜமீன்தாரு எங்கிட்டு சுடுறது? அதனால ஒலையை அடிவாரத்துல ஏத்தினேன். கரண்டிக் காம்பை மட்டும் உச்சி வரைக்கும் நீட்டினேன், மூங்கிலோட மூங்கில் கட்டி. கீழ அள்ளுனா மேல இலையில விழும். வழியில மூணு ஊரைத் தாண்டி வரணும்ல, அங்கங்க பசிச்சவன் கையை விட்டு எடுத்துக்கிட்டான். அதுக்கும் சேத்துத்தான் ஒலை வச்சேன்.

"அப்புறம் பனி. காட்டுமாட்டுகிட்டப் போகணும்னா மறைவு வேணும். மூடுபனி இருந்தாத்தான் மறைவு. உச்சியில போய் நிக்கிறப்ப வெயில் அடிச்சிருச்சுன்னா? குழந்தைவேலு அதுக்கும் யோசிச்சிருந்தான். பூண்டு மூட்டை தூக்குற குதிரைகளைப் பிடிச்சு, பள்ளத்துல தேங்கிக் கெடந்த பனியைச் சாக்குச் சாக்கா அள்ளிக் கட்டி ஏத்துனேன். ஒரு சாக்கு ஜமீன்தாரு கூடாரத்துல அவுந்து போச்சு. மத்தியானம் வரைக்கும் ஆளைக் காணோம். குரல் மட்டும் வருது, 'காப்பி கொண்டா, காப்பி கொண்டா'ன்னு. காப்பியக் கொண்டுபோனவனையும் காணோம். கடைசியில காப்பி வாசத்தைப் பிடிச்சுத்தான் ரெண்டு பேரையும் இழுத்தோம்."

மயிலாத்தா தன் தூக்குவாளியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து மூடினாள். "பனி ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டேன்" என்றாள்.

"நக்கல் பண்ணு தாயி. துப்பாக்கி விசயத்தைக் கேளு. ஜமீன்தாரு துப்பாக்கி சீமைத் துப்பாக்கி. சமதரையில சுட்டா தோட்டா சும்மா பறக்கும். கூனிமலை அப்படியா? ஏறுறப்ப நம்ம முழங்காலு நம்ம தாடையிலயே இடிக்கும். அந்த மேட்டுல தோட்டாவுக்கு மூச்சு வாங்காதா? பாதித் தூரம் போய் ஒரு பாறையில உக்காந்துரும். ஒத்திகைக்கு ஒரு தோட்டா விட்டுப் பாத்தோம். நாங்க பின்னாடியே ஏறிப் போறோம், அது ஒரு மர நெழல்ல நெத்தி வேர்த்துக் கெடக்கு. தொட்டுப் பாத்தா காய்ச்சல். அதனால வழி நெடுக தோட்டாவுக்குத் தங்குற எடம் போட்டேன். ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஆளு, கையில சுக்குக் காப்பி. வர்ற தோட்டாவப் பிடிச்சு, தண்ணி காட்டி, முதுகத் தட்டி மேல அனுப்ப வேண்டியது. அன்னைல இருந்துதான் எனக்குத் தோட்டான்னு பேரு."

"அப்ப அந்த ஏற்பாட்டோட போய் மாட்டைச் சுட்டுட்டீங்க" என்றார் மொக்கச்சாமி.

"எங்கய்யா சுடுறது? எல்லாம் தயார். குதிரை தயார், பனி தயார், தோட்டாவுக்குக் காப்பி தயார். கெளம்புற நேரத்துல கலைக்கிற ஆளுக மொத்தமா உக்காந்துட்டாங்க. 'பங்கு முடிவாகாம காலை எடுத்து வைக்க மாட்டோம்'கிறாங்க."

இந்த இடத்தில் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதில் புளுகு இல்லை. வேட்டைப் பங்குக்காக இந்த மலையில் வெட்டுக்குத்து நடந்த காலம் உண்டு. சுட்டவனுக்குத் தலை, துப்பாக்கி கொடுத்தவனுக்குத் தொடை, நாய்க்கு ஒரு பங்கு, வேட்டைக்கு வந்தவன் பெண்டாட்டி மாசமாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு பங்கு. ஒன்றும் செய்யாமல் சும்மா நின்று பார்த்தவனுக்கும் பங்கு உண்டு. வேட்டை நடந்த இடத்தில் நின்றவர் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது முறை. அடிக்காத மாட்டுக்கு முன்கூட்டியே பங்கு பிரிப்பதுதான் கொஞ்சம் அதிகம். ஆனால் எங்கள் ஆட்கள் அதையும் செய்யக் கூடியவர்கள்தான்.

"கூறு ஆச்சு" என்றார் மொக்கச்சாமி. வாழை இலையில் எட்டுக் குவியல் வரிசையாக இருந்தது. கடைசிக் குவியலின் மேல் ஈரல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "நிக்கிறதுன்னா வந்து நில்லுங்கண்ணே. மயிலாத்தா, நிக்கட்டும் விடு. இம்புட்டுக் கதை சொல்லிருக்காரு."

மயிலாத்தா எழுந்து வந்து மாமாவின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டாள். "நிக்கட்டும். திரும்பிப் பாத்தா இருக்கு" என்றாள். கதை மும்முரத்தில் இலைப் பக்கம் திரும்பாமலே முதுகைக் காட்டி நின்ற மாமாவுக்கு ஈரல் எந்தக் குவியலில் இருக்கிறது என்று தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

"இது யாருக்கு?" என்று மொக்கச்சாமி முதல் குவியலைத் தொட்டார்.

"மயிலாத்தாளுக்கு. நல்லாக் கேட்டுக்கங்க, அங்கயும் இப்படித்தான் நின்னேன். கோயில் பாறையில மலைப் படத்துக்குப் பக்கத்துல காட்டுமாட்டையும் முழுசா வரைஞ்சிருந்தேன். ஜமீன்தாரு படத்துல ஒவ்வொரு எடமாத் தொட்டு 'இது யாருக்கு'ன்னு கேக்கணும். முதுகக் காட்டி நின்னு நான் சொல்லணும்."

"இது யாருக்கு?"

"போஸ்ட்மேனுக்கு. ஊரே கூடி நிக்கிது. எனக்குத் தொடை, எனக்கு முன்னங்காலு, என் நாய்க்கு நெஞ்செலும்புன்னு ஒரே சத்தம். அந்தச் சத்தம் கூனிமலை உச்சி வரைக்கும் போயிருச்சு. காட்டுமாடு படுத்துக் கெடந்து கேட்டிருக்கு. தன் ஒடம்பை இப்படிப் பேரு பேரா ஏலம் விட்டா எவனுக்குத்தான் மனசு கேக்கும்? என்னதான் பிரிக்கிறாங்கன்னு பாக்க எறங்கி வந்துருச்சு."

"இது யாருக்கு?"

"டீக்கடைக்கு. வந்து கூட்டத்தோட கூட்டமா நின்னுச்சு. ஒருத்தனும் கவனிக்கல. எல்லாரும் படத்து மாட்டைப் பாத்துக்கிட்டிருக்கான், நெச மாட்டை எவன் பாக்குறான்? அது முண்டி முண்டி முன்னால வந்து, சரியா எனக்கு நேரா நின்னுச்சு. இந்தா, இப்ப மயிலாத்தா நிக்குதுல்ல, அதே மாதிரி."

"வாயைப் பாத்துப் பேசுங்க" என்றாள் மயிலாத்தா.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று குவியல்கள் போயின. ஆறாவது எனக்கு. ஈரல் இன்னும் அப்படியே இருந்தது. ஏழாவதைத் தொட்டபோது மாமா "மொக்கச்சாமிக்கு" என்றார். மொக்கச்சாமி ஈரலை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். மிச்சம் ஒரே குவியல், மிச்சம் ஒரே ஆள். ஈரல் மாமாவுக்குத்தான் என்று ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கதை உச்சியில் இருந்தது.

"நான் பாக்குறேன். நேர்ல காட்டுமாடு. மூச்சு விடுது, என் தலைமுடி பறக்குது. பயந்தனா? இல்ல. நியாயத்தை யோசிச்சேன். வேட்டைக்கு வந்து நின்னவன் எல்லாருக்கும் பங்கு உண்டு. இதுவும் வந்து நிக்கிதா இல்லியா? நாலு காலு இருக்கு, அப்ப நாய்ப் பங்கு இதுக்கு உண்டு. நல்லா உத்துப் பாத்தா வயித்துல கன்னு. அந்தப் பங்கும் உண்டு. அம்புட்டுக்கும் மேல, இந்த வேட்டைக்குக் கறி கொண்டாந்தது யாரு? ஜமீன்தாரா? எல்லாக் கணக்கையும் மனசுக்குள்ள கூட்டினேன். கூட்டினா மொத்த மாடும் வருது. ஜமீன்தாரு தலையைத் தொட்டாரு, தொடையைத் தொட்டாரு, கொம்பைத் தொட்டாரு, 'இது யாருக்கு, இது யாருக்கு'ன்னு கேக்குறாரு. நான் அசரல."

மொக்கச்சாமி முறை தவறாத ஆள். கேட்கத் தேவையே இல்லாத கடைசிக் குவியலையும் தொட்டுக் கேட்டார். "இது யாருக்கு?"

"காட்டுமாட்டுக்கு" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எதிரில் நின்ற மயிலாத்தாளின் கண்கள் அகல விரிந்தன. மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "சொன்ன சொல்லை மாத்தச் சொல்லி ஜமீன்தாரு கால்ல விழாத கொறை. நான் மாத்தல. காட்டுமாடு எனக்கு ஒரு தலையாட்டு ஆட்டிட்டு, தன் பங்கு மொத்தத்தையும் தானே தூக்கிட்டு மலையேறிப் போயிருச்சு. அப்படியாப்பட்ட நியாயஸ்தன் நான்" என்று முடித்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் ஈரலைப் பார்த்தார்.

"என்னோடதா அது?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

"உங்களோடதாத்தான் இருந்துச்சு. இப்பக் காட்டுமாட்டுது" என்றார் மொக்கச்சாமி.

"யோவ், அது கதையோட வந்த சொல்லுய்யா."

மயிலாத்தா அதற்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தவள் மாதிரி கிட்டே வந்தாள். "கதையா? சரி. புளுகுனேன், காட்டுமாடும் இல்ல கழுதையும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாத மாட்டுக்குப் பங்கு கிடையாது. ஈரலை எடுத்துட்டுப் போங்க. நடந்தது நெசம்னா அது மாட்டுப் பங்கு. சொன்னது சொன்னதுதான்."

அவ்வளவு பேரும் அவர் வாயையே பார்த்தோம். மாமா ஈரலைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த அண்டாவைப் பார்த்தார். வீட்டில் மருமகன் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார், மிளகு அரைத்த அம்மி காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்கவே முடியவில்லை. "சொல்லிருங்க மாமா" என்று நானே மெதுவாகச் சொன்னேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்ததுதான்" என்றார்.

மொக்கச்சாமி தலையில் கைவைத்துக்கொண்டார். மாமா மட்டும் ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா ஒண்ணு. போறப்ப அந்தக் காட்டுமாடு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சு. 'எந்தக் காலத்துலயாவது எனக்குப் பங்கு விழுந்தா நீயே வாங்கி வை குழந்தைவேலு, நான் வந்து எடுத்துக்கிறேன்'னு சொல்லுச்சு."

"அதுக்கென்ன, தாராளமா வாங்கி வைங்க" என்றாள் மயிலாத்தா. கொட்டகை ஓரத்தில் இருந்து ஒரு கை புல்லைப் பிடுங்கி வந்து அவர் கையில் திணித்தாள். "காட்டுமாடு கறி திங்காது."

மாமா புல்லும் கையுமாக நின்றார். நாங்கள் ஈரலை என்ன செய்வது என்று தெரியாமல் அவரவர் தூக்குவாளியைத் தேடினோம்.

அதற்குள் ஈர முடியை அள்ளி முடிந்துகொண்டே செங்கமலம் அத்தை வந்துவிட்டார். "கறி வாங்கப் போன ஆளு, கெடா வளக்கப் போயிட்டாரான்னு பாக்க வந்தேன்" என்றார். புருஷன் கையில் இருந்த புல்லைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், இலையில் தனியாகக் கிடந்த ஈரலைப் பார்த்தார். "அது யாரு பங்கு?"

மொக்கச்சாமிதான் தரையைப் பார்த்தபடி சொன்னார். "காட்டுமாட்டுப் பங்கு மதினி. அண்ணன்தான் கூறு சொன்னாரு. சொன்னது சொன்னதுதான்."

அத்தை அதற்கு மேல் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அண்டாவை நிமிர்த்தி மொக்கச்சாமி முன்னால் வைத்தார்.

"அப்ப இதுல போடு. கல்யாணமான நாள்ல இருந்து அந்த மாட்டுக்கு நான்தான் தீனி போடுறேன்."

மொக்கச்சாமி மறுபேச்சில்லாமல் ஈரலோடு கூறை அள்ளி அண்டாவில் போட்டார். மயிலாத்தா மாமாவின் கையில் இருந்த புல்லை வாங்கி அதன்மேல் வைத்தாள்.